வாள் வாங்கிய விரல்கள்

கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை – 9

கச்சேரி முடிந்ததும் வித்வானுக்கு என்ன செய்வார்கள்? மாலை போடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். சபாவில் கொஞ்சம் காசு புரண்டால் பொற்கிழியும் உண்டு. 1840 ஜனவரி 4, சனிக்கிழமை இரவு, பெஷ்ட் நகரத்து ஹங்கேரிய நாடக அரங்கில் பியானோ வாசித்து முடித்த 28 வயது இளைஞர் ஒருவருக்கு வாள் கொடுத்தார்கள். அட்டையில் வெட்டிச் சரிகைத் தாள் ஒட்டிய நாடக வாள் அல்ல. கல் பதித்த நிஜ வாள்.

வாங்கிக்கொண்டவர் போர்க்களத்தைக் கண்டதில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தார், வந்தது பிரெஞ்சு. எந்த நாட்டின் வீரத் திருமகன் என்று கூட்டம் கூத்தாடிக்கொண்டிருந்ததோ, அந்த நாட்டு மொழியில் அவருக்கு நாலு வாக்கியம் கோவையாகப் பேச வராது.

பிரான்ஸ் லிஸ்ட்டைத்தான் சொல்கிறேன். சென்ற இதழில், 1837 மார்ச் 31 அன்று, பாரிஸில் பெல்ஜியோஜோசோ சீமாட்டியின் வரவேற்பறையில் தால்பெர்க்கும் அவரும் மாறி மாறி வாசித்து, வென்றவர் யார் என்று கூட்டம் குழம்பி நின்ற இடத்தில் விட்டோம். அதற்குப் பிறகு அவர் பாரிஸிலேயே உட்கார்ந்து தால்பெர்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கவில்லை. காதலி மரி தாகு சீமாட்டியோடு இத்தாலியில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹங்கேரி அவர் நினைப்பிலேயே இருந்ததாகத் தெரியவில்லை. அதை நினைவூட்ட ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

1838 மார்ச் 13. குளிர்காலம் முடியும் தறுவாயில் டான்யூப் நதியில் பனிப்பாளங்கள் உடைந்து மிதந்து வந்து அடைத்துக்கொண்டன. பின்னால் தேங்கிய தண்ணீர் கரையை மீறியது. ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் புடா மேட்டுப் பாங்கான ஊர், பெரும்பகுதி தப்பியது. கிழக்கே பெஷ்ட் சமவெளி. (இரண்டையும் சேர்த்துப் புடாபெஸ்ட் ஆக்கியது 1873இல்தான்.) மூன்று நாளில் பெஷ்டில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் சரிந்தன. 150 பேருக்குமேல் இறந்தார்கள். மிக்லோஷ் வெஷெலேனி என்ற பிரபு தானே படகில் ஏறிக் கூரைகளில் தொற்றிக்கொண்டிருந்தவர்களை இறக்கிக் கொண்டுவந்தார். வெள்ளப் படகோட்டி என்று அவருக்கு இன்றைக்கும் பெயர்.

வெனிஸில் இருந்த லிஸ்ட் இதைச் செய்தித்தாளில் படித்தார். படித்ததும் தன் நாடு, தன் மக்கள் என்ற உணர்வு பொங்கி எழுந்ததாக அவரே பின்னர் எழுதினார். உடல்நலம் குன்றியிருந்த மரி தாகுவை வெனிஸிலேயே விட்டுவிட்டு வியன்னாவுக்கு வண்டி ஏறினார். ஏப்ரல் 18 அன்று நிவாரணக் கச்சேரி. வசூல் முழுக்க வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு. ஊர் கொண்டாடிய கொண்டாட்டத்தில் அங்கேயே தங்கி, கச்சேரிமேல் கச்சேரியாகச் செய்தார். பிற்பாடு கதை வளர்ந்து, வியன்னாவில் வாசித்த எல்லாமே பெஷ்ட் மக்களுக்காகத்தான் என்று ஆகிவிட்டது. அப்படி இல்லை. பெரும்பாலானவை அவருடைய சொந்தக் கணக்கு. ஆனால், வீடிழந்த ஊரில் யார் ரசீதைச் சரிபார்த்தார்கள்? 'நம் பிள்ளை நமக்காக ஓடி வந்தான்' என்ற பேச்சு டான்யூப்பில் கீழ்முகமாக மிதந்து பெஷ்டை அடைந்துவிட்டது.

நம் பிள்ளை என்று சொல்ல அவர்களுக்குப் பழைய பாத்தியதையும் இருந்தது. லிஸ்ட் பிறந்தது 1811இல், மேற்கு ஹங்கேரியில் ராய்டிங் என்ற சிற்றூரில். ஹங்கேரிய மொழியில் டோபோர்யான். தந்தை ஆடம், எஸ்டர்ஹாஸி பிரபுக் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணைக்கு மேற்பார்வையாளர். செல்லோ வாசிப்பார், பியானோவும் தெரியும். பையனின் விரல்களைப் பார்த்து மிரண்டு, 1820 நவம்பரில் போஷோனி நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரபுக்கள் முன்னால் வாசிக்க வைத்தார். ஒன்பது வயது. கேட்ட பிரபுக்கள் சிலர் கூடி, படிப்புச் செலவுக்காக ஆறு வருஷத்துக்கு, வருஷம் 600 கில்டன் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதை நம்பித்தான் குடும்பம் ராய்டிங்கைக் காலி செய்து வியன்னாவுக்குப் போனது. 1823 மே முதல் தேதி, பாரிஸுக்குப் புறப்படுமுன், பெஷ்டில் 'ஏழு இளவரசர்கள்' என்ற சத்திரத்தில் ஒரு கச்சேரி. தான் ஹங்கேரியன் என்றும், கற்ற வித்தையின் முதல் கனியைத் தாய்நாட்டுக்குப் படைப்பதைவிட மகிழ்ச்சி வேறில்லை என்றும் பையன் பெயரில் விளம்பரத் தட்டி. வாசகம் அப்பா எழுதியதாகத்தான் இருக்கும். 11 வயதுப் பிள்ளை அப்படியா பேசும்?

அதோடு சரி. அடுத்த 16 வருஷம் ஹங்கேரியில் கால் வைக்கவில்லை.

1839 அக்டோபரில் இன்னொரு காரணம் சேர்ந்தது. பான் நகரத்தில் பீத்தோவனுக்குச் சிலை வைக்கப் பணம் திரட்டினார்கள். பிரான்ஸிலிருந்து வந்த தொகை கேவலமாக இருந்தது. இத்தாலியில் அதைப் படித்துக் கொதித்துப்போன லிஸ்ட், குறைகிற பணத்தை நானே தருகிறேன் என்று எழுதிவிட்டார். வாய் கொடுத்தாயிற்று, சம்பாதிக்க வேண்டும். நவம்பரில் வியன்னாவில் மறுபடி மேடை ஏறினார். ஹங்கேரியப் பிரபுக்கள் அங்கேயே வந்து, எங்கள் ஊருக்கும் வரவேண்டும் என்று அழைத்தார்கள்.

டிசம்பர் 18 அன்று போஷோனி வந்து சேர்ந்தார். ஜெர்மன்காரர்களுக்கு அது பிரெஸ்பர்க், இன்றைய வரைபடத்தில் பிராட்டிஸ்லாவா. ஹங்கேரிய நாடாளுமன்றம் அப்போது கூடிக்கொண்டிருந்த ஊர் அதுதான். நாட்டின் பெரிய தலைகள் அத்தனையும் ஒரே இடத்தில். ஆகவே லிஸ்ட் வந்து இறங்கியது இசை ரசிகர்கள் நடுவில் என்பதைவிட அரசியல்வாதிகள் நடுவில் என்று சொல்வது பொருத்தம். 'ஏல்யென்!' என்று முழங்கினார்கள். 'வாழ்க!' என்று அர்த்தம்.

அந்த ஒற்றைச் சொல் எந்த மொழியில் முழங்கியது என்பதிலும் சங்கதி இருக்கிறது. ஹங்கேரியை ஆண்டது வியன்னாவிலிருந்த ஹாப்ஸ்பர்க் அரச வம்சம். கயிறு அமைச்சர் மெட்டர்னிக் கையில். அரசாங்கக் காரியங்களில் ஜெர்மன் ஓங்கியிருந்தது. சட்டத்தின் மொழியோ லத்தீன். ஆம், பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி தேயும் வரை லத்தீன். ஹங்கேரிய மொழி முழு ஆட்சிமொழி ஆனது 1844இல்தான். பிரபுக்களில் பலர் வீட்டிலேயே ஜெர்மனும் பிரெஞ்சும் பேசி வளர்ந்தவர்கள். அவர்களே இப்போது தாய்மொழியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போஷோனியில் வாசித்துவிட்டு பெஷ்டுக்குப் புறப்பாடு. ஹங்கேரியில் ரயில் ஓட இன்னும் ஆறு வருஷம் இருந்தது. நடு டிசம்பர் குளிரில் குதிரை வண்டிப் பயணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார். புடாவுக்கும் பெஷ்டுக்கும் நடுவே அப்போது நிலையான பாலம் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம்தான். ஆற்றில் பனி கட்டத் தொடங்கினால் அதையும் பிரித்துக் கரையேற்றிவிடுவார்கள். அப்புறம் அக்கரை போக படகு, இல்லாவிட்டால் உறைந்த ஆற்றின்மேல் நடை. சேச்சேனி பிரபு கனவு கண்ட சங்கிலிப் பாலம் திறந்தது 1849இல்.

தங்கல், லியோ ஃபெஷ்டெடிச் பிரபுவின் மாளிகையில். வந்தவருக்கென்றே இயற்றிய வரவேற்புப் பாட்டை அங்கே குழுவாகப் பாடினார்கள். வரிகள் பிரான்ஸ் ஷோபெர் எழுதியவை. ஷூபர்ட்டின் ஆப்த நண்பர், இசைக்கு நன்றி சொல்லும் அந்தப் புகழ்பெற்ற ஷூபர்ட் பாட்டுக்கு வரி எழுதியவர் என்றால் இசை தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். ஷோபெர் எழுதியது ஜெர்மனில். ஹங்கேரியின் மைந்தனுக்கு ஹங்கேரியத் தலைநகரில் ஜெர்மன் வரவேற்புப் பா! யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஏனென்றால் பெஷ்ட் கடைத்தெருவில் அன்றைக்கு ஓங்கி ஒலித்ததும் ஜெர்மன்தான். இந்த ஷோபெருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். லிஸ்ட் ஹங்கேரியில் இருந்த நாட்களைக் கடிதங்களாக எழுதி 1843இல் புத்தகமாகப் போட்டார். அவர் லிஸ்ட்டின் பக்தர். ஆகவே கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

டிசம்பர் 27 தொடங்கி ஜனவரி நடு வரை கச்சேரிகள். முதலாவது விகடோ என்ற கேளிக்கை மண்டபத்தில். (1849 போரில் புடா மேட்டிலிருந்து பாய்ந்த குண்டுகளில் அது தரைமட்டமானது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற விகடோ 1865இல் திறந்தது.) ஊரில் நாடக அரங்குகள் இரண்டு இருந்தன. ஒன்று ஜெர்மன் அரங்கம். 1812இல் பீத்தோவன் இசையோடு திறந்தது, 3,000 பேருக்குமேல் கொள்ளும் பிரம்மாண்டம். மற்றது ஹங்கேரிய அரங்கம். 1837 ஆகஸ்டில் திறந்தது. நகரத்தின் ஓரத்தில், கெரெபெஷ் சாலையில் இடம். பணமும் இடமும் ஜெர்மன் அரங்கத்துக்கு, ரோஷம் ஹங்கேரிய அரங்கத்துக்கு. அங்கே இசைக்குழுவை நடத்தியவர் ஃபெரென்ட்ஸ் எர்கெல், லிஸ்ட்டைவிட ஒரு வயது முந்தியவர். ஹங்கேரியின் நாட்டுப் பண்ணுக்கு 1844இல் மெட்டுப் போடப் போகிறவர்.

வாள் விழாவுக்குத் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது அரங்கை. அது தற்செயல் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

லிஸ்ட்டின் வாசிப்பு என்றால் என்ன என்று சென்ற இரண்டு அத்தியாயங்களில் விரிவாகவே பார்த்துவிட்டோம். கம்பி அறுந்து தெறிக்கும், சுத்தியல் உடையும், அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போவார். பெஷ்டில் இன்னொன்று சேர்ந்தது. கூட்டம் விடாமல் கேட்டபோது அவர் எடுத்த துக்கடா, ராகோத்சி நடைப்பாட்டு. ராகோத்சி என்ற பிரபு 1703இலிருந்து 1711 வரை ஹாப்ஸ்பர்க்குகளை எதிர்த்துப் போராடித் தோற்று, துருக்கியில் அகதியாகச் செத்தவர். அவர் பெயரில் வழங்கிய அந்த மெட்டு, ஹங்கேரியர் காதில் விழுந்தால் உடம்பு புல்லரிக்கும். வியன்னா அதிகாரிகள் காதில் விழுந்தால் வேறு மாதிரி. ஒன்றை மறந்துவிடக் கூடாது. லிஸ்ட் பெஷ்டில் இந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்த நாட்களில், ஆற்றுக்கு அக்கரையில் புடா சிறையில் லாயோஷ் கோஷுத் உட்கார்ந்திருந்தார். அரசின் தடையை மீறி மாவட்டச் சபைகளின் நடவடிக்கைகளைக் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றுக்கு விட்ட குற்றம். 1848 புரட்சியின் தலைவராகப் போகிறவர். வெள்ளத்தில் படகோட்டிய வெஷெலேனிக்கும் ராஜ விசுவாசமில்லை என்று 1839இல் தண்டனை விதித்தாயிற்று. பேச்சுக்கு விலங்கு. பியானோவுக்கு விலங்கு போட எந்த அதிகாரிக்கும் யோசனை தோன்றவில்லை.

ஜனவரி 4க்கு வருவோம்.

லிஸ்ட் அன்று ஹங்கேரிய தேசிய உடையில் வந்தார். நெஞ்சுக்குக் குறுக்கே முறுக்குக் கயிற்று வேலைப்பாடும் ரோமக் கரையும் கொண்ட, பிரபுக்கள் விழாக்களில் அணியும் உடை. அதைத் தைக்க 1,000 பிராங்க் ஆயிற்று என்று மரி தாகுவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கடைசி உருப்படி ராகோத்சி மெட்டு. கைதட்டல் ஓயாமல் இருக்கும்போதே ஆறு பேர் மேடைக்கு வந்தார்கள். ஃபெஷ்டெடிச், பான்ஃபி, டெலெகி, எக்ஸ்டைன், அவுகுஸ், நியாரி. அத்தனை பேரும் முழு விழாக்கோலத்தில். ஃபெஷ்டெடிச் கையில் வாள். நாட்டின் பெயரால் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஹங்கேரிய மொழியில் இரண்டு வார்த்தை சொல்லி நீட்டினார்.

வாள் ஏன்? ஹங்கேரியில் இடுப்பு வாள் என்பது ஆயுதம் மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழ். குடிப்பிறந்தோர் மட்டும் தரிக்கலாம். அந்த நாட்டில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் பிரபுக் குலம். அதில் பலருக்கு ஓட்டை வீடும் ஒற்றைக் குதிரையும்தான் சொத்து, ஆனாலும் வாள் உண்டு. வரி கிடையாது, வாக்கு உண்டு. அந்தக் கோட்டுக்கு வெளியே பிறந்தவன் எவ்வளவு சம்பாதித்தாலும் வெளியேதான். ஆட்டுப் பண்ணை மேற்பார்வையாளரின் மகன் கையில் அந்த வாளை, அந்தக் குலத்தார் ஆறு பேர் சேர்ந்து, ஆயிரம் பேர் பார்க்கக் கொடுக்கிறார்கள். மேளக்காரர் தோளில் துண்டு கிடந்தால் முகம் சுளித்த காலம் ஒன்று நம் ஊரிலும் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் வாளின் கனம் கொஞ்சம் பிடிபடும்.

லிஸ்ட் பிரெஞ்சில் பதில் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற தொனியில் தொடங்கினாலும் பேச்சு சாமர்த்தியமானது. தாய்நாட்டைக் காக்க ஒரு காலத்தில் வீரர்கள் ஓங்கிய வாள், இன்று சண்டை தெரியாத ஒரு கலைஞனின் கையில் வந்திருக்கிறது. போர்க்களத்தில் புகழ் தேடிய ஹங்கேரி இனி கலையிலும் கல்வியிலும் தேடப்போகிறது என்பதற்கு இது அடையாளம். இந்த அளவுக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே நிறுத்தவில்லை. அமைதியாக முன்னேறும் நம்மை யாராவது அநியாயமாகத் தடுக்க வந்தால், வாள்கள் மறுபடியும் உறையிலிருந்து வெளியே வரட்டும், கடைசிச் சொட்டு வரை ரத்தம் சிந்துவோம் என்றும் சேர்த்தார். யாருக்காக? விடுதலைக்காகவும் நாட்டுக்காகவும், இடையிலே மன்னருக்காகவும்! அந்த ஒரு சொல்லில் தணிக்கை அதிகாரி வாயை அடைத்தாயிற்று. பாரிஸ் வரவேற்பறைகளில் பழகிய நாக்கு.

வெளியே உறைய வைக்கும் குளிர். ஆயிரக்கணக்கானோர் தீவட்டி பிடித்து நின்றார்கள், ராணுவ வாத்தியம் முழங்கியது. வண்டியில் ஏறிய லிஸ்ட், கொஞ்ச தூரம் போனதும் ஃபெஷ்டெடிச்சோடு கீழே இறங்கினார். கூட்டத்தோடு நடந்தே மாளிகை போய்ச் சேர்ந்தார்கள். ஊர்வலம் முழுக்க 'ஏல்யென், லிஸ்ட் ஃபெரென்ட்ஸ்!' குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பது ஹங்கேரிய வழக்கம். பிரான்ஸ் அன்று இரவு ஃபெரென்ட்ஸ் ஆனார்.

இதெல்லாம் அவர் தலைக்கு ஏறியதா? ஏறாமல் இருக்குமா. மரி தாகுவுக்கு எழுதிய கடிதங்களில், பட்டியல் போட்டு, அலங்காரம் செய்து, பெருமை பொங்கப் பொங்க எல்லாவற்றையும் சொல்கிறார். அவரைப் பிரபுக் குலத்தில் சேர்க்க வேண்டும் என்று பேரரசருக்கு விண்ணப்பம் போகும் என்ற பேச்சு எழுந்ததும், குடும்பச் சின்னம் எப்படி இருக்கலாம் என்று அதற்குள்ளேயே அவளிடம் யோசனை கேட்டார். அப்போது சின்னமும் வரவில்லை, பட்டமும் வரவில்லை. பெஷ்ட் நகரம் கௌரவக் குடிமகன் ஆக்கியதோடு அந்தக் கதை நின்றது. அந்தக் கடிதங்களை வைத்து அவரைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாரிஸில் பிரபுக்கள் வீட்டு விருந்தில் பியானோ வாசிப்பவர் பக்கவாட்டு வாசல் வழியாக வந்துபோன காலத்தில் வளர்ந்த பையன்.

பெருமையோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயத்தை இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன். பெஷ்டில் ஒரு இசைப்பள்ளி வேண்டும், அதற்கு முதல் பணம் நான் தருகிறேன் என்று அறிவித்தார். ஜனவரி 11 அன்று அதற்காகவே கச்சேரி. அன்று இன்னொன்றும் நடந்தது. பியானோ முன்னால் உட்காராமல், கோலெடுத்து நின்று இசைக்குழுவை நடத்தினார். அவருக்கு அதுதான் முதல் தடவை. வைமார் நகரத்தில் பின்னால் பத்து வருஷம் வாக்னரையும் பெர்லியோஸையும் மேடையேற்றப் போகிற நடத்துநர், பெஷ்டில் பழகிப் பார்த்துக்கொண்டார். பள்ளியும் வந்தது. பிற்பாடு, 1875இல் இசைக் கழகமும் திறந்தபோது அவர்தான் தலைவர், எர்கெல் இயக்குநர். முதல் வகுப்புகள் நடந்தது மீன் சந்தைச் சதுக்கத்தில் லிஸ்ட் குடியிருந்த வீட்டிலேயே.

வாள் செய்தி பாரிஸுக்குப் போனது. பாரிஸ் சிரித்தது. ஒல்லி உடம்பு, தோள் வரை தலைமுடி, காலை இடறுகிற வாள் என்று கேலிச் சித்திரக்காரர்களுக்குப் பல வருஷத்துக்குத் தீனி. இவர் இதுவரை வெட்டிச் சாய்த்தது பியானோக்களைத்தான் என்று கிண்டல். பெயர் பெற்ற ஒரு பாரிஸ் இதழும் இடித்துக் காட்டியது. 1840 அக்டோபரில் லிஸ்ட் அதற்குப் பதில் எழுதினார். ஹங்கேரி தொன்மையான பழக்கங்கள் கொண்ட நாடு. அங்கே வாள் என்பது ஆண்மகனின் அடையாளம். என் நாட்டார் தங்கள் வழக்கப்படி எனக்குக் காட்டிய மரியாதையை உங்கள் அளவுகோலால் அளக்காதீர்கள் என்பது அதன் சாரம். இந்தச் சண்டையில் நான் லிஸ்ட் பக்கம்.

ஹங்கேரியில் யாரும் சிரிக்கவில்லை. அந்நாட்டின் முதன்மைக் கவி மிஹாய் வொரோஷ்மார்ட்டி அந்த வருஷமே லிஸ்ட்டுக்கு ஒரு நீள் கவிதை எழுதினார். பாராட்டு மடல் மாதிரி தொடங்கி, போகப் போக வேலை ஏவுகிறது. நொந்து கிடக்கும் இந்த நாட்டைத் தட்டியெழுப்ப வாசி என்கிறது. 16 வருஷம் கழித்து 1856 செப்டம்பரில், 'ஹங்கேரியா' என்ற இசைக்குழுப் படைப்பை லிஸ்ட் பெஷ்டிலேயே அரங்கேற்றினார். கவிதைக்குப் பதில் என்று அதைச் சொல்வார்கள். நடுவில் 1848 புரட்சி வந்து, 1849இல் அடங்கி, பலர் தூக்கில் தொங்கியிருந்தார்கள். வொரோஷ்மார்ட்டியும் முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார்.

அந்தப் புரட்சியில் வாள் எங்கே இருந்தது என்று கேட்டவர்கள் உண்டு. லிஸ்ட் அப்போது வைமாரில். ரத்தம் சிந்துவோம் என்று பேசியவர் பியானோவுக்கு ஒரு சோக கீதம் எழுதினார். அதைவிடப் பெரிய மனத்தாங்கல் 1859இல் வந்தது. ஹங்கேரியில் ஜிப்சிகளும் அவர்கள் இசையும் பற்றிப் பிரெஞ்சில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்று ரோமா மக்கள் என்று சொல்ல வேண்டும். ஹங்கேரிய இசை என்று உலகம் கேட்கிற அந்தச் சங்கீதத்தின் மூலவர்கள் இவர்களே என்பது புத்தகத்தின் வாதம். வாதம் தப்பு என்று பின்னால் பார்டோக்கும் கொடாயும் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு சேகரித்து நிரூபித்தார்கள். அன்றைக்கு அது தப்பா சரியா என்பதைவிட, சொன்னது யார் என்பதுதான் சுட்டது. 1886 ஜூலை 31இல் லிஸ்ட் பைராய்ட்டில் இறந்து அங்கேயே அடக்கமானபோது, உடலைத் தாய்மண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. அடுத்த வருஷம் நாடாளுமன்றத்தில் பிரதமர் கால்மான் டிஸா கையை விரித்துவிட்டார். ஹங்கேரியரிடம் இசையைத் தவிர எதுவும் மிஞ்சியிராத நேரத்தில், அதுவும் அவர்களுடையது அல்ல என்று உலகத்துக்குச் சொன்னவர் அல்லவா என்று கேட்டார். வாள் இன்று புடாபெஸ்டில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு 2011இல் அவர் பெயர் வைத்தார்கள். உடல் இன்னும் பைராய்ட்டில்.

ரொம்ப முன்னால் ஓடிவிட்டேன். 1840க்கே திரும்புவோம். பெஷ்ட் கொண்டாட்டம் ஜனவரி நடுவில் ஓய்ந்தது. புறப்படுமுன் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துக்குப் போய் வந்தார். 1823இல் அப்பாவோடு போன இடம். அப்பா ஆடம் இளவயதில் அந்தச் சபையிலேயே துறவு பழகப் போய்த் திரும்பி வந்தவர். அவர் இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் ஷோப்ரோன் நகரத்தில் கச்சேரி, அங்கேயும் கௌரவக் குடியுரிமை. அங்கிருந்து ராய்டிங் எட்டும் தூரம். போனார். ஊரே திரண்டது. கோயிலுக்குப் போனார், ஊருக்குப் பணம் கொடுத்தார். எஸ்டர்ஹாஸி பண்ணைக்குச் சொந்தமான, தான் பிறந்த அந்தத் தாழ்ந்த வீட்டைப் பார்த்தார். மேற்கு எல்லையோர ஊர் அது. 1921இல் ஆஸ்திரியாவோடு போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் 'ஏல்யென்' பேசுகிறவர்கள் அல்ல. ஜெர்மன் பேசுகிறவர்கள். லிஸ்ட்டின் அம்மா வீட்டில் பேசியதும் அதுதான். ஆட்டுப் பண்ணை ஆடமின் மகனிடம் அவர்கள் பேசியதைப் பிரெஞ்சுக்குப் பெயர்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

(தொடரும்)